பிள்ளைப் பாட்டுக்கும் வரலாறு இருக்கு: சப்பாணி முதல் ஆடிக்கூழ் வரை

"பிள்ளைப் பாட்டில என்ன வரலாறு இருக்கப் போகுது?" எண்டு கேட்கிற ஆக்கள் இருக்கினம். அரசர்களுக்கு வரலாறு இருக்கு, கட்சிகளுக்கு இருக்கு, பள்ளிக்கூடங்களுக்கு நூற்றாண்டு மலர் இருக்கு. மூன்று வயதுப் பிள்ளை கைதட்டிப் பாடுற நாலு வரிக்கு ஆர் வரலாறு எழுதப் போகினம்? ஆனால் ஒரு சமூகம் தன்ர பிள்ளைகளுக்கு முதன்முதல் எந்தச் சொற்களைக் கொடுக்குது எண்டது சின்ன விசயம் இல்லை. அந்தச் சொற்களை ஆரோ தெரிவு செய்திருக்கினம். ஆர், எப்ப, ஏன் எண்டு தேடிப் போனால் யாழ்ப்பாணத்துக் கல்வி வரலாற்றில ஒரு பெரிய பகுதி அதுக்குள்ள கிடக்குது.

பிள்ளைப் பாடல்கள் வேலியோரப் பூ மாதிரித் தானாக முளைச்சவை எண்டுதான் நாங்கள் பொதுவாக நினைக்கிறம். அது பாதி உண்மை. மிச்சப் பாதியை ஆசிரியர்களும் கவிஞர்களும் கல்வி அதிகாரிகளும் அச்சகக்காரரும் இருந்து யோசிச்சு நட்டிருக்கினம். அந்த மிச்சப் பாதியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ருவிங்கிளுக்கும் ஊர் உண்டு

முதலில் எங்கட முன்பள்ளிகளில் அதிகம் கேட்கிற ஆங்கில ரைம்ஸையே எடுப்பம். 'ருவிங்கிள்' பாட்டை ஏதோ உலகப் பொதுச் சொத்து மாதிரித்தான் பாடுறம். ஆனால் அது 1806இல் ஜேன் ரெய்லர் என்ற ஆங்கிலப் பெண் 'நட்சத்திரம்' என்ற தலைப்பில் வெளியிட்ட கவிதை. அதன் மெட்டு இங்கிலாந்துக்குரியதல்ல. 18ஆம் நூற்றாண்டில் பிரான்சில் பாடப்பட்ட ஒரு மெட்டு. அதே மெட்டை வைத்து மொசார்ட் பியானோவுக்கு இசை எழுதியிருக்கிறார். சொல் ஓரிடம், மெட்டு ஓரிடம். இரண்டும் பிறகுதான் சேர்ந்தன. மேரியின் ஆட்டுக்குட்டிப் பாட்டை எழுதியவர் சாரா ஜோசபா ஹேல் என்ற அமெரிக்கப் பெண். அது 1830இல் வெளிவந்தது. இவற்றுக்கெல்லாம் முன்னர், 1744 அளவிலேயே, லண்டனில் பிள்ளைப் பாடல்களைச் சின்னப் புத்தகமாக அச்சடித்து விற்கத் தொடங்கிவிட்டார்கள். பிள்ளைகளுக்கெண்டு ஒரு புத்தகச் சந்தை உருவாகி வந்த காலம் அது.

இன்னொரு கதையும் நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். கைகோத்துச் சுற்றி வந்து கடைசியில் பொத்தென்று விழுகிற 'ரிங் அ ரோசஸ்' விளையாட்டு, 1665இல் லண்டனை அழித்த கொள்ளைநோயைப் பற்றியது எண்டு முகநூலில அடிக்கடி ஓடும். ரோசா எண்டால் உடம்பில வாற தடிப்பாம், விழுறது எண்டால் சாவாம். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அந்தப் பாட்டு ஆங்கிலத்தில் அச்சில் வந்ததாகத் தெரிவது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், 1881இல். இடையில் இருநூறு ஆண்டுக்கு மேல் வெளி. ஆங்கிலப் பிள்ளைப் பாடல்களை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த ஐயோனா ஓப்பி, பீற்றர் ஓப்பி தம்பதியர் இந்தக் கொள்ளைநோய்க் கதையை ஏற்கவில்லை. பிள்ளைப் பாட்டுக்குப் பின்னால ஒரு இருண்ட இரகசியம் இருக்கோணும் எண்டு பெரியாக்களுக்கு ஒரு ஆசை, அவ்வளவுதான். எங்கட பாடல்களின் மூலத்தைத் தேடும்போதும் இந்த ஆசையைக் கொஞ்சம் தள்ளி வைச்சுத்தான் பார்க்கோணும்.

உடம்பில தொடங்கின பாட்டு

தமிழில் பிள்ளைக்கும் பாட்டுக்கும் உள்ள உறவு மிகப் பழையது. பிள்ளைத்தமிழ் எண்டு ஒரு இலக்கிய வகையே இருக்கு. முழுசாக் கிடைத்தவற்றில் பழையது 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழ். அதுக்கும் முன்னர் பெரியாழ்வார் கண்ணனைக் குழந்தையாக்கிப் பாடிவிட்டார். பிள்ளைத்தமிழ் புலவர்களுக்கும் பெரியவர்களுக்குமான இலக்கியம்தான். ஆனால் அதன் பருவங்களைப் பாருங்கள். செங்கீரையில் குழந்தை கையையும் முழங்காலையும் ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடுது. தாலில் தாலாட்டு. சப்பாணியில் இரண்டு கையையும் சேர்த்துத் தட்டுது. வருகையில் தளர்நடை. அம்புலியில் நிலவைக் கூப்பிடுது. இது கற்பனை அடுக்கு இல்லை. கிளினிக் புத்தகத்தில 'எத்தனையாம் மாதத்தில பிள்ளை என்ன செய்யும்' எண்டு போட்டிருக்கிற பட்டியலுக்குப் பக்கத்தில வைச்சுப் பாருங்கோ, பெரும்பாலும் அதே ஒழுங்கு. புலவர்கள் வீடுகளில் தாய்மார் செய்வதைப் பார்த்துத்தான் இலக்கியமாக்கியிருக்கிறார்கள் என்று நாங்கள் நினைக்கிறம்.

அந்த வீட்டுப் பாடல்கள் எங்கட அம்மம்மாமார், அப்பாச்சிமார் வரைக்கும் வந்தவை. சாய்ந்தாடச் சொல்லுறது, கை வீசச் சொல்லுறது, சப்பாணி கொட்டச் சொல்லுறது எல்லாம் பாட்டு மட்டும் இல்லை. பிள்ளையின் முதுகெலும்புக்கும் தோளுக்கும் கைக்கும் ஒரு பயிற்சி. பாடுறவரும் கேட்கிறவரும் முகத்துக்கு முகம் இருக்கோணும், இல்லாட்டிப் பாட்டு நடக்காது. கொஞ்சம் வளர்ந்தால் விளையாட்டுப் பாட்டு. மணலைக் கூட்டி வரம்பு கட்டி அதுக்குள்ள குச்சியை ஒளிக்கிற கீச்சு மாச்சுத் தம்பலத்துக்கும், எண்ணி எண்ணிக் கல்லை எறிஞ்சு பிடிக்கிற கொக்கானுக்கும் பாட்டு உண்டு. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் ஏற ஏறக் கல்லின் எண்ணிக்கையும் ஏறும். வாய் எண்ணுது, கண் பார்க்குது, கை பிடிக்குது. இந்தப் பாடல்களுக்குப் புலவர் பெயரும் இல்லை, ஆண்டும் இல்லை. தானாக முளைச்ச பாதி இதுதான்.

திண்ணையில் இருந்து பிள்ளைப்பாட்டு வரை

பள்ளிக்கூடத்துக்குள் கதை வேறு. திண்ணைப் பள்ளியில் பிள்ளை முதலில் கற்றது அரிச்சுவடி, எண்சுவடி, பிறகு ஔவையாரின் ஆத்திசூடி, கொன்றைவேந்தன். இவையும் ஓசையோடு கூட்டமாகச் சொல்லப்பட்டவைதான். ஆத்திசூடி அகர வரிசையில் போவதால் எழுத்தும் நீதியும் ஒன்றாக மனதில் ஏறும். அந்த வகையில் அது நல்ல உத்தி. ஆனால் பிள்ளை அங்கே கட்டளையைக் கேட்கிறவர். செய், செய்யாதே, இதுதான் தொனி.

1816இல் அமெரிக்க மிசனரிகள் தெல்லிப்பழையில் பணியைத் தொடங்கினார்கள். 1823இல் வட்டுக்கோட்டை செமினரி, 1824இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலை. மேனாட்டு மெட்டில் பாடும் பழக்கம் இந்தப் பாடசாலைகளுக்கூடாகத்தான் பரவியது. இன்னொரு பக்கம், 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய ஆறுமுக நாவலர், பிள்ளைகளுக்குப் படிப்படியாக வாசிக்கப் 'பாலபாடம்' எழுதினார். எளிய வசனத்தில் பிள்ளைக்குப் பாடப்புத்தகம் என்பது பெரிய பாய்ச்சல். ஆனாலும் பாலபாடத்தின் கண் சமயத்திலும் ஒழுக்கத்திலும்தான். பிள்ளை சிரிக்கோணும் எண்டது இன்னும் பாடத்திட்டத்துக்குள்ள வரவில்லை.

இதே காலத்தில் உலகத்தில் வேறொரு எண்ணம் வளர்ந்துகொண்டிருந்தது. ஜெர்மனியில் பிரீட்ரிச் புரோபல் 1837இல் சின்னப் பிள்ளைகளுக்கென்று ஒரு நிலையம் தொடங்கினார். கிண்டர்கார்டன் என்ற பெயர் அதிலிருந்து வந்தது. 1844இல் தாயும் பிள்ளையும் சேர்ந்து விளையாடிப் பாடுவதற்கான பாடல் நூலை வெளியிட்டார். விளையாட்டுத்தான் பிள்ளையின் படிப்பு என்பது அவர் கொள்கை. இந்த எண்ணம் ஆங்கில ஆட்சி நடந்த நாடுகளின் ஆசிரியர் பயிற்சிக்குள்ளும் மெல்ல மெல்ல வந்து சேர்ந்தது.

தமிழகத்தில் பாரதி 1915இல் பாப்பா பாட்டைப் பாடினார். ஆசிரியராயிருந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை எழுதிய பிள்ளைப் பாடல்கள் 1938இல் 'மலரும் மாலையும்' தொகுப்பில் வந்தன. அழ. வள்ளியப்பாவின் 'மலரும் உள்ளம்' 1944இல். இந்த வரிசையில் யாழ்ப்பாணம் பின்வரிசையில் நிற்கவில்லை. 1924இல் தொடங்கின வாலிபர் காங்கிரஸ் தாய்மொழிக் கல்வியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த மண் இது. 1935இல் வட இலங்கைத் தமிழாசிரியர் சங்கம் 'பிள்ளைப்பாட்டு' என்ற தொகுப்பை வெளியிட்டது. கல்வித்துறை அதிகாரியாக இருந்த க. ச. அருள்நந்தியின் தூண்டுதல் அதற்குப் பின்னால் இருந்தது. ஆசிரியர்கள் சங்கமாகச் சேர்ந்து, எங்கட பிள்ளைக்கு எங்கட பாட்டு வேணும் எண்டு முடிவெடுத்த இடம் இது. நாங்கள் மேலே சொன்ன 'நட்டது' எண்டது இதைத்தான்.

நவாலியில காய்ச்சின கூழ்

இந்தக் கதையின் நடுவில் நிற்கிறவர் நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878–1953). வட்டுக்கோட்டையில் நீண்ட காலம் ஆசிரியராக இருந்தவர். பக்திப் பாடல்களும், பனையைப் பற்றித் 'தாலவிலாசமும்' பாடியவர். ஆனால் ஊர் அவரைத் 'தங்கத் தாத்தா' எண்டு கூப்பிடக் காரணம் பிள்ளைப் பாடல்கள். அவர் மறைந்த பிறகு 1955இல் அவை 'சிறுவர் செந்தமிழ்' எண்டு நூலாக வந்தன. கத்தரித் தோட்டத்து வெருளி, தாடி அறுந்த வேடன் எல்லாம் அவருடையவை. எல்லாத்துக்கும் மேலாக, ஆடிப்பிறப்புப் பாட்டு.

ஆடி மாதம் முதலாம் திகதி, யூலை நடுப்பகுதியில் வரும். அந்தக் காலத்தில் அதுக்குப் பள்ளிக்கூட விடுமுறை. பாட்டும் அந்த விடுமுறைச் சந்தோசத்தை ஒரு பிள்ளை தோழர்களுக்குச் சொல்லுறதோடதான் தொடங்குது. பிறகு அடுப்படிக்குப் போகுது. பயறு வறுபடுது, பச்சரிசி இடிபடுது, மா பதமாக வறுபடுது, தேங்காய் துருவப்படுது, கொழுக்கட்டை அவியுது, பனங்கட்டி போட்டுக் கூழ் கொதிக்குது. குத்துவிளக்கு ஏற்றிப் படைச்ச பிறகு பிள்ளைகள் பலாவிலை பொறுக்கிக் கொண்டு வந்து அதைக் கோலிக் கூழ் குடிக்கினம்.

இந்தப் பாட்டை வெறும் ஏக்கப் பாட்டாகக் கேட்டுப் பழகிவிட்டம். ஒருக்கா அதன் வினைச்சொற்களை மட்டும் எடுத்து எழுதிப் பாருங்கோ. வறுத்தல், குத்துதல், இடித்தல், தெள்ளுதல், அவித்தல், துருவுதல், குழைத்தல், திரட்டுதல், கிள்ளுதல், தட்டுதல், பிழிதல், கரைத்தல், வார்த்தல், துழாவுதல், மடித்தல், கோலுதல். ஒரு சின்னப் பாட்டுக்குள் இவ்வளவு. குத்துறதுக்கும் இடிக்கிறதுக்கும் என்ன வித்தியாசம், கிண்டுறது எண்டு சொல்லாமல் ஏன் துழாவுறது எண்டு சொல்லுறம், இதெல்லாம் அகராதி பார்த்துப் படிக்கிற விசயம் இல்லை. பிள்ளை பாட்டில் கேட்கும், அடுத்த நாள் அடுப்படியில் பார்க்கும், பிறகு வாயில் ருசிக்கும். சொல்லும் பொருளும் செயலும் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். அதோட ஒழுங்கும் இருக்கு. முதலில் எது, அடுத்தது எது எண்டு ஒரு வேலையைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரைக்கும் மனதில் வைச்சிருக்கப் பாட்டு பழக்குது. இங்கே பிள்ளை கட்டளை கேட்கிறவர் இல்லை, தானே பேசுறவர். ஆத்திசூடியிலிருந்து இந்த இடத்துக்கு வர எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருந்தது எண்டு யோசிச்சுப் பாருங்கோ.

ஓசை என்ன செய்யுது?

பாட்டு சொல்லைக் கொடுக்கிறது மட்டும் இல்லை, வாசிக்கவும் தயார்ப்படுத்துது. 1983இல் வெளிவந்த ஒரு ஆய்வுக்காக லினெற் பிராட்லி, பீற்றர் பிறையன்ற் என்ற இரண்டு பிரித்தானிய உளவியலாளர்கள் நாலு, ஐந்து வயதுப் பிள்ளைகள் நானூறு பேரளவில் எடுத்துச் சில ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். எந்தச் சொல்லும் எந்தச் சொல்லும் ஒரே ஓசை எண்டு காதால் பிடிக்கக்கூடிய பிள்ளைகள் பிற்காலத்தில் வாசிப்பிலும் முன்னுக்கு நின்றார்கள். அதைத் தொடர்ந்து வந்த ஆய்வில், மூன்று வயதில் பிள்ளைப் பாடல்கள் கூடத் தெரிந்த பிள்ளைகளுக்கு அந்தக் காது கூர்மையாயிருந்ததும் தெரிந்தது.

அது ஆங்கிலத்தில். ஆங்கில ரைம் சொல்லின் கடைசி ஓசையில் விளையாடும். தமிழ்ப் பாட்டு முன்பக்கத்திலும் விளையாடும். முதலெழுத்து ஒத்து வந்தால் மோனை, இரண்டாம் எழுத்து ஒத்து வந்தால் எதுகை. எதுகைக்கு இன்னொரு சட்டமும் இருக்கு. முதலெழுத்து குறிலெண்டால் குறில், நெடிலெண்டால் நெடில். 'பட்டம்' எண்ட சொல்லுக்கு 'வட்டம்', 'கட்டம்' எதுகையாகும், 'ஆட்டம்' ஆகாது. தமிழ் எழுதப் பழகிற பிள்ளை அதிகம் தடக்குப்படுற இடங்களில ஒண்டு இந்தக் குறில் நெடில்தான். அரிவரி வகுப்பில ரீச்சர் அரவு போடச் சொல்லிச் சொல்லிக் களைக்கிற விசயத்தை, எதுகையுள்ள ஒரு பாட்டு காதுக்கு முதலே சொல்லிக் கொடுத்துவிடும். ஆங்கில ரைம்ஸ் எவ்வளவு நல்லதெண்டாலும் இந்த வேலையை அதால செய்ய ஏலாது. அது ஆங்கிலக் காதைத்தான் வளர்க்கும். அதனால ஒன்றை விட்டிட்டு மற்றதைப் பிடியுங்கோ எண்டு நாங்கள் சொல்லவில்லை. இரண்டும் ஒரே மருந்து எண்டு நினைக்க வேண்டாம் எண்டுதான் சொல்லுறம்.

ஆற்ற முற்றம்?

புகழ்ந்துகொண்டே போனால் இது வரலாற்றுக் கட்டுரை ஆகாது. ஆடிப்பிறப்புப் பாட்டில் 'நாங்கள்' எண்டு ஒரு கூட்டுக்குரல் கேட்குது. அந்த நாங்களுக்குள்ள எல்லாரும் இருந்தவையோ? பிள்ளைப்பாட்டு வந்த அதே காலகட்டம்தான் யாழ்ப்பாணத்தில் 'சம ஆசனம்' பெரிய பிரச்சினையாக இருந்த காலம். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளை வகுப்பில் மற்றப் பிள்ளைகளுக்குச் சமமாக இருத்த வேண்டும் என்று 1930ஐ ஒட்டி உத்தரவு வந்தபோது, அதை எதிர்த்துப் பாடசாலைகள் எரிக்கப்பட்டன. அதுவரை அந்தப் பிள்ளைகள் நிலத்திலும் வெளியிலும் இருந்தவர்கள். ஒரே பாட்டை ஒரே வாங்கில இருந்து பாடுற உரிமை எல்லாப் பிள்ளைக்கும் ஒரே நாளில் கிடைக்கவில்லை. அடுத்தது, பாட்டில் வறுக்கிறதும் இடிக்கிறதும் துழாவுறதும் அம்மா. அப்பாவைக் காணவில்லை. இதுக்காகப் பாட்டைத் தூக்கி எறியத் தேவையில்லை. பாடும்போதே பிள்ளையிட்ட இதைப் பற்றிக் கதைக்கலாம். புதுப்பாட்டு எழுதுறவர்கள் புது அடுப்படியை எழுதலாம்.

எழுதினவர்களும் இருந்தார்கள். வேலணையைச் சேர்ந்த வேந்தனார் அம்மாவைப் பற்றி எழுதிய பாட்டு பாடப்புத்தகங்களுக்கூடாகத் தலைமுறைகளைக் கடந்து வந்தது. நாவற்குழியைச் சேர்ந்த அம்பி, விஞ்ஞானமும் கணிதமும் படிப்பித்தபடி பிள்ளைகளுக்கு எழுதினார். பின்னர் அவுஸ்திரேலியாவில் குடியேறி அங்கிருந்தும் எழுதினார். புலம்பெயர்ந்த வீடுகளில் பலாவிலையும் இல்லை, வெருளியும் இல்லை. அங்கே வளரும் பிள்ளைக்குத் தமிழில் எதைப் பாடுவது என்ற கேள்வி இன்னும் முடியவில்லை.

வாயில காவிக்கொண்டு வந்தது

நவாலி எண்டதும் எங்கட வீடுகளில் பலருக்கு முதலில் ஞாபகம் வாறது புலவர் இல்லை. 1995 யூலை 9ஆம் திகதி, இடம்பெயர்ந்து வந்து சென். பீற்றர்ஸ் தேவாலயத்தில் தஞ்சமிருந்த மக்கள் மேல் விமானத்திலிருந்து குண்டு விழுந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் செத்துப் போனார்கள், பிள்ளைகள் உட்பட. ஆடிப்பிறப்புக்கு ஒரு கிழமைதான் இருந்தது. அதே ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. அதுக்கு முன்னர் 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. ஒரு ஊருக்குப் புத்தகமும் இல்லை, வீடும் இல்லை எண்டு ஆகும்போது எது மிஞ்சும்? வாயில இருக்கிறது மிஞ்சும். உரலும் உலக்கையும் விட்டிட்டு ஓடின சனம் பாட்டைக் கொண்டு போச்சுது. அதனாலதான் வன்னியிலும் கனடாவிலும் அதே கூழ் கொதிச்சது.

ஆனால் வாயில இருக்கிறது பாடாட்டிப் போயிடும். இப்ப பிள்ளை அழுதால் கையில போன் குடுக்கிறம், யூரியூப்பில ரைம்ஸ் ஓடும். அந்தப் பாட்டு நிற்காது, திரும்பக் கேள்வி கேட்காது, பிள்ளையின் முகத்தைப் பார்க்காது. சப்பாணிப் பாட்டு நடக்கிறதுக்கு ஒரு பெரியாள் வேணும் எண்டு மேலே சொன்னம். குறைஞ்சு போறது பாட்டு மட்டும் இல்லை, அந்தப் பெரியாளின் நேரமும்தான். வேலைக்குப் போய் வாற அம்மா அப்பாவைக் குற்றம் சொல்லிப் பிரயோசனம் இல்லை. முன்பள்ளி ரீச்சர்மாருக்குக் கிடைக்கிற சம்பளமும் பயிற்சியும் என்ன எண்டு கேட்கிறதும் இந்தப் பேச்சுக்குள்ள வரோணும். 1935இல் ஆசிரியர் சங்கம் ஒன்று செய்த வேலையை 2 வயதுப் பிள்ளையின் தாய் தனியச் செய்ய ஏலாது.

எங்களால் செய்யக்கூடியதும் உண்டு. 'நூலகம்' இணைய நூலகத்தில் பழைய ஈழத்து நூல்கள் பல சும்மா கிடக்கு, தேடி எடுத்து வாசிக்கலாம். ஆனால் அச்சில் ஏறாத கொக்கான் பாட்டும் கீச்சு மாச்சும் எந்த நூலகத்திலும் முழுசாக இல்லை. அவை உங்கட அம்மம்மாவிட்ட இருக்கு, பக்கத்து வீட்டு ஆச்சியிட்ட இருக்கு. ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு சொல் மாறும். தீவுப்பகுதியில் ஒரு விதம், வடமராட்சியில் ஒரு விதம். திருத்தாமல், அவை பாடுற மாதிரியே பதிவு செய்யுங்கோ. பாடினவர் பெயர், ஊர், எந்த வயதில் ஆரிட்டப் பழகினவர் எண்டதையும் அவரைக் கேட்டுக் குறிச்சு வையுங்கோ. பிறகு, பதிவு செய்ததை வைச்சிருக்கிறதோட நிற்பாட்டாமல், வீட்டில ஒரு சின்னப் பிள்ளை இருந்தால் மடியில இருத்திப் பாடுங்கோ. குரல் நல்லாயில்லை எண்டு பிள்ளை சொல்லாது.